ஊறின ரொட்டி

மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை. வீட்டுக்கு ஏழு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. தில்லி மயூர் விஹாரில் எங்கள் வீடு மேல் மாடி. பகல் முழுக்கக் காய்ந்த மொட்டைமாடியின் சூடு ராத்திரி பத்து மணி வரைக்கும் கூரை வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வெக்கையில் வாணலி முன்னால் நின்று பஜ்ஜி போட எனக்கு உடம்பு வணங்கவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கக் கொஞ்சம் குளுகுளுவென்று, புளிப்பும் இனிப்புமாக ஏதாவது இருந்தால் போதும் என்று தோன்றியது. பீச் பழம் வாங்கி வைத்திருந்தேன். ரொட்டியை வாட்டி, துணியில் கட்டி வடித்த தயிரைத் தடவி, மேலே பொடியாக நறுக்கின பீச்சை வைத்து மிளகு தூவினால் ஆயிற்று. இத்தாலிக்காரர்கள் தக்காளியை வைத்துச் செய்யும் புருஸ்கெட்டாவைத்தான் வெயில் காலத்துப் பழத்தை வைத்துச் செய்வது. அதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது?

ஐந்தரை மணிக்கே 16 துண்டுகளையும் செய்து, பெரிய தாம்பாளத்தில் அடுக்கி, வலைமூடி போட்டு வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். எல்லோரும் வந்து உட்கார ஏழு மணி ஆகிவிட்டது. முதலில் எடுத்தவர் கையில் ரொட்டி நடுவில் அப்படியே மடிந்து தொங்கியது. பீச்சும் தயிருமாக அவர் சட்டையில் விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அடியில் கையைக் கொடுத்து, குனிந்து வாயில் போட்டுக்கொண்டு, “ரொம்ப நல்லா இருக்குங்க” என்றார்கள். சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டாவது துண்டை யாரும் எடுக்கவில்லை. தாம்பாளம் சமையலறைக்குத் திரும்பி வந்தபோது அதில் 11 மீதி இருந்தது.

அதை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் தள்ளினேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் டப்பா கழுவிக் கவிழ்த்திருந்தது. வீட்டுக்காரர் தின்றிருப்பார், இல்லாவிட்டால் பெண் தின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. அந்தத் தாம்பாளத்தை மறக்க நினைத்தேன், முடியவில்லை. இலையில் வைத்ததை வந்தவர் மிச்சம் வைத்தால் சமைத்தவள் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். அது எங்கள் ஊரில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததுதான்.

ஆடு விற்கிறவன்

தில்லியில் பீச்சுக்கு ஆடூ என்று பெயர். நான்கு வருஷத்துக்கு முன்னால், அப்பா போன பிறகு, அம்மா கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். வந்த முதல் கோடையில் தள்ளுவண்டிக்காரர் கீழே “ஆடூ, ஆடூ” என்று கூவிக்கொண்டு போனதைக் கேட்டு, “இந்த ஊர்ல ஆட்டைக்கூடவா வண்டியில வெச்சுத் தள்ளிட்டு வந்து விக்கிறாங்க?” என்று பால்கனிக்கு ஓடினாள். பீச்சுக்குத் தமிழில் குழிப்பேரி என்று ஒரு பெயர் உண்டு. ஆனால் நான் அதை யார் வாயிலும் கேட்டதில்லை. கொடைக்கானல் போய் வந்தவர்கள் பிளம்ஸும் பேரிக்காயும் கொண்டுவந்து கொடுத்துத்தான் அம்மாவுக்குப் பழக்கம். பீச்சை இங்கேதான் பார்த்தாள். தோலில் இருக்கிற பூனைமுடியைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

இந்தப் பழத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது எல்லாம் தப்பாக வாங்கி வாங்கித்தான். மே மாதத்தில் முதலில் வருவது சமவெளிப் பழம். குளிர் குறைவாக இருந்தாலும் காய்க்கிற ஷான்-இ-பஞ்சாப் போன்ற ரகங்கள். மலைப்பழம் வர இன்னும் நாள் ஆகும். இமாச்சலத்தில் சிர்மௌர் மாவட்டத்து ராஜ்கட், உத்தராகண்டில் நைனிதால் பக்கத்து ராம்கட், இந்த இடங்களிலிருந்து ஜூனில் வர ஆரம்பிக்கும். ஜூலை எல்பெர்ட்டா என்ற ரகம் பெயருக்கேற்றபடி இன்னும் தாமதம். எந்த ரகமாக இருந்தாலும் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மாங்காயை வைக்கோலில் போட்டால் பழுத்து இனிக்கும், ஏனென்றால் அதற்குள் மாவுச்சத்து இருக்கிறது, அது சர்க்கரையாக மாறும். பீச்சில் அந்த மாவுச்சத்து இல்லை. காயாகப் பறித்ததைக் காகிதப் பையில் இரண்டு நாள் வைத்தால் மெத்தென்று ஆகும், மணக்கும், ஆனால் இனிப்பு ஏறாது. வாங்கும்போதே மூக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். காம்புப் பக்கத்தில் பச்சை இருந்தால் வேண்டாம்.

மாம்பழம் இருக்கும்போது பீச் எதற்கு என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. ஏப்ரலிலேயே சஃபேதா வந்துவிடும். நம் பங்கனபள்ளிக்குத்தான் இங்கே அந்தப் பெயர். அப்புறம் தஷேரி, அப்புறம் சௌசா. நானும் மாம்பழத்தை வைத்துச் செய்து பார்த்தேன். ரொட்டி மேல் மாம்பழம் எடுபடவில்லை. தித்திப்பு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு தயிரையும் மிளகையும் அமுக்கிவிடுகிறது. பீச்சில் ஒரு புளிப்பு கடைசிவரை நிற்கும். உப்பும் மிளகும் ஒட்ட அது வேண்டும். பள்ளிக்கூட வாசலில் கிளிமூக்கு மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேலே தூவுகிற தழை என் பால்கனியில் இருக்கிறது. அம்மா சர்பத்துக்கு ஊறவைத்த சப்ஜா விதையில் மிஞ்சியதை ஒருநாள் தொட்டி மண்ணில் கொட்டினாள். பத்து நாளில் குபுகுபுவென்று முளைத்துவிட்டது. திருநீற்றுப்பச்சை. இத்தாலிக்காரர்கள் பேசில் என்று புருஸ்கெட்டா மேல் கிள்ளிப் போடுவதும் இதே இனம்தான். ரகத்துக்கு ரகம் வாசனை கொஞ்சம் மாறும். கடையில் அதை டப்பாவில் அடைத்து விற்பதைப் பார்த்து அம்மா, “காசு கொடுத்தா வாங்குறாங்க?” என்று ஆச்சரியப்பட்டாள்.

மாவடு ஜாடி

சரி, ரொட்டி ஏன் மடிந்தது? நூறு கிராம் பீச்சில் ஏறக்குறைய 89 கிராம் தண்ணீர். நறுக்கினவுடனே கொஞ்சம் கசியும். நான் போதாக்குறைக்கு ஐந்தரை மணிக்கே உப்பையும் போட்டுக் கலந்து வைத்தேன். மாவடுவில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணீர் விட்டு நிற்கிறதே, அதேதான் தாம்பாளத்தில் நடந்தது. ஒவ்வொரு வருஷமும் வடு போடுகிற எனக்கு அது தோன்றவே இல்லை. வேறு பெயர் வைத்த பண்டம் என்றால் தெரிந்ததும் மறந்துவிடுகிறது போல.

ரொட்டியும் சரியில்லை. கடையில் வாங்கின வெள்ளை ரொட்டி, சர்க்கரை போட்டது, பஞ்சு மாதிரி. டோஸ்டரில் இரண்டு நிமிஷம் போட்டால் மேல்தோல் சிவக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அதன் மேல் தண்ணீர் விடும் பழத்தை வைத்தால் வேறென்ன ஆகும்? எங்கள் குடியிருப்பில் ஒரு பெண் வீட்டிலேயே புளித்த மாவில் ரொட்டி செய்து விற்கிறாள். தோல் தடித்து, உள்ளே பெரிதும் சிறிதுமாகப் பொத்தல் விழுந்த ரொட்டி. அதை வாங்கிவந்து மேஜையில் வைத்ததும் அம்மா மோந்து பார்த்துவிட்டு, “தோசை மாவு வாசனை வருதே” என்றாள். அது சரிதான். அதையும் புளிக்க வைப்பது அந்தக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்க் கூட்டம்தான்.

அடுத்த மூன்று வாரம் நான் இதே வேலையாக இருந்தேன். அலுவலகத்திலிருந்து வந்ததும் புடவையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைப்பேன். கற்றுக்கொண்டது இவ்வளவு. முதல் நாள் ரொட்டியைவிட மறுநாள் ரொட்டி நல்லது, ஈரம் கொஞ்சம் குறைந்திருக்கும். அதை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது, குளிரில் ரொட்டி இன்னும் சீக்கிரம் வறண்டு விறைத்துப்போகும். சுண்டுவிரல் கனத்துக்குத் துண்டு போட்டு, தோசைக்கல்லைச் சின்ன தீயில் வைத்து, எண்ணெய் விடாமல், பக்கத்துக்கு நான்கைந்து நிமிஷம். வாட்டினதைச் சூடாகத் தட்டில் போட்டால் பூரி மாதிரி அடியில் வேர்த்துவிடும். கம்பிச் சல்லடை மேல் நிறுத்த வேண்டும். ஆறினதும் ஒரு பல் பூண்டை அதன் மேல் தேய்த்தால் காய்ந்த ரொட்டியின் சொரசொரப்பே பூண்டை அரைத்துக்கொள்ளும். அப்புறம் ஆலிவ் எண்ணெயோ நெய்யோ மெல்லிசாகத் தடவி, அதன் மேல் வடித்த தயிர். எண்ணெயும் தயிரும் இரண்டு தடுப்பு மாதிரி. பழச்சாறு கீழே இறங்க நேரம் எடுக்கும். பழத்துக்கு உப்பு கடைசி நிமிஷத்தில்தான்.

இத்தனைக்கும் பிறகு கால் மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் தாங்காது. ஆக, இது தோசை வார்க்கிற மாதிரி வேலை என்று புரிந்துகொண்டேன். வார்க்க வார்க்கப் போட வேண்டும்.

நறுக்

ஜூன் முதல் சனிக்கிழமை, அதே ஏழு பேரையும் மறுபடி கூப்பிட்டேன். அன்று வெயில் 45 டிகிரி. சமையலறையில் மின்விசிறி போட்டால் தீ அலைபாயும் என்று அதையும் நிறுத்திவிட்டு நின்றேன். ஒவ்வொரு தட்டாக என் பெண் உள்ளே கொண்டுபோனாள். கூடத்திலிருந்து நறுக், நறுக் என்று சத்தம் வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை நின்று கேட்டேன். ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டுக் கடித்தார், அதுவும் கேட்டது. செய்த 20 துண்டும் போய்விட்டது. இன்னும் இருக்கிறதா என்று கேட்டு ஆள் வந்தார்கள். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

அம்மாவுக்குத்தான் முதல் தட்டு கொடுத்தனுப்பினேன். ஓரம் நன்றாகச் சிவந்ததாகப் பார்த்து இரண்டு.

எல்லோரும் போன பிறகு தட்டுகளைப் பொறுக்கினேன். அம்மாவின் தட்டில் காகிதத் துண்டு ஒன்று நான்காக மடித்து வைத்திருந்தது. எடுத்தால் அதன் அடியில் இரண்டு ரொட்டியும் முழுசாக இருந்தன. மேலே இருந்த பீச்சும் தயிரும் ஸ்பூனால் வழித்தெடுத்து, பூண்டு தேய்த்த மேல்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒன்றின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். கடிக்கப் பார்த்து, முடியாமல், வாயிலேயே வைத்து ஊறவைத்துப் பார்த்து எடுத்த அடையாளம். அந்த ஓரத்தில் இரண்டு சின்னப் பள்ளம் விழுந்திருந்தது. அதை நான் விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். எவ்வளவு நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

மறுநாள் மத்தியானம், எல்லோரும் படுத்திருந்த நேரத்தில், கேட்டேன். அம்மா முதலில் பேச்சை மாற்றினாள். அப்புறம், “நீ முதல் தடவை பண்ணினியே, அதான் எனக்குப் புடிச்சுது. மறுநாள் இன்னும் நல்லா ஊறியிருந்துச்சு. மத்தவங்க வேணாம்னு வெச்சதைப் பூரா நான்தான் தின்னேன். ரெண்டு நாள் வெச்சுத் தின்னேன்” என்றாள். சொல்லும்போது முகத்தில் ஒரு ருசி தெரிந்தது.

“நேத்து பண்ணினது?”

“நேத்து பண்ணினது வந்தவங்களுக்குடி.” கொஞ்சம் பொறுத்து, “கீழ்ச்செட்டு ஆடுது. கடிச்சா ஈறுல குத்துது” என்றாள்.

“எத்தனை நாளாம்மா?”

“போன தீபாவளிக்கு முன்னாலேருந்து. சொன்னா நீ லீவு போட்டுட்டு ஓடியாருவ. எதுக்கு?”

பல்செட்டு கும்பகோணத்தில் கட்டினது. அம்மாவுக்கு இப்போது 74 வயசு. பல் போன இடத்தில் தாடை எலும்பு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும், அதற்கேற்பச் செட்டு தளர்ந்துபோகும், அவ்வப்போது காட்டி அடிப்பக்கத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எட்டு மாசமாகப் பார்க்கவில்லை. தீபாவளி முறுக்கை வேண்டாம் என்றபோது, “எண்ணெய் ஒத்துக்கல” என்றாள். நம்பினேன். அப்பளத்தை நொறுக்கி முதலில் ரசத்தில் போட்டுவிட்டு அப்புறம் சாதத்தைப் பிசைவாள். அது அவளுடைய பழக்கம் என்று நினைத்தேன். நான் மூன்று வாரமாக அடுப்படியில் நின்று ரொட்டியை எப்படிக் கெட்டியாக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒவ்வொரு நாளும் ருசி பார்க்க வந்து, மேலே இருக்கிற பழத்தை மட்டும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “நல்லா வந்திருக்கு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அன்று மத்தியானம் பேச்சோடு பேச்சாக அம்மா தன் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். பல் விழுந்த பிறகும் பாட்டிக்கு வெற்றிலை வேண்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்பு உரல், விரல் நீளத்துக்கு உலக்கை. சாப்பாடு ஆனதும் அம்மாதான் கால் நீட்டி உட்கார்ந்து வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்புமாகப் போட்டு இடிக்க வேண்டும். நரம்பு கிள்ளாமல் போட்டால் பாட்டி கண்டுபிடித்துவிடுவாள். நைந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். “இடிக்கிற சத்தம் கேட்டா தெருவுக்கே தெரியும், இவங்க வீட்ல சாப்பாடு முடிஞ்சுதுன்னு” என்றாள். அந்த உரல் இப்போது எங்கே என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை.

ஊறவைப்பது

நான் அதற்குப் பிறகு யோசித்தது எல்லாம் அந்த முதல் தாம்பாளத்தைப் பற்றித்தான். அதைத் தோல்வி என்று யார் முடிவு செய்தது? இந்தப் பண்டம் நறுக்கென்று இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்தேன், பார்த்தேன், அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆனால் ஊறினதை இளப்பமாக நினைக்கிற நாக்கா நம்முடையது? மெதுவடையைச் சுடச்சுடத் தின்கிற வீட்டிலேயே அதில் பாதியைத் தயிரில் போடுகிறோம், ரசத்தில் போடுகிறோம். வர்க்கியை டீயில் தோய்க்காமல் யார் தின்கிறார்கள்? இத்தாலியிலும் ஒன்றும் வேறு மாதிரி இல்லை. புருஸ்கெட்டாவே மிச்ச ரொட்டியை வீணாக்காமல் தின்னப் பிறந்த வழிகளில் ஒன்று. டஸ்கனிப் பகுதியில் காய்ந்துபோன ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தக்காளி, வெங்காயம், வினிகர், எண்ணெய் எல்லாம் சேர்த்துப் பிசறி வைப்பார்கள். பான்சனெல்லா என்று பெயர். வெயில் காலத்துச் சாப்பாடு. அங்கே ரொட்டி ஊற வேண்டும், ஊறினால்தான் ருசி.

ஊறவைப்பதும் ஒரு பக்குவம், அதை நான் இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். வாட்டாத ரொட்டியில் பழச்சாறு இறங்கினால் அது பசை மாதிரி ஆகிவிடும். வாட்டின ரொட்டி நனைந்தாலும் உருக்குலையாது, சிவந்த வாசனையும் போகாது. சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து சிவந்து மணக்கிற இந்த மாற்றத்தை 1912-இல் லூயி காமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கி எழுதினார், இன்றும் அவர் பெயரில்தான் அதைச் சொல்கிறார்கள். தயிர்வடைக்கு வடையைச் சரியாக வேகவிட்டு எடுத்தால்தான் தயிரில் போட்டபின் மெத்தென்று நிற்கும், அவசரத்தில் எடுத்தால் கரைந்துபோகும். இதுவும் அப்படித்தான். அதனால் அம்மாவுக்கான ரொட்டியையும் அதே கல்லில் அதே நேரம் வாட்டுகிறேன். ஓரத்துத் தடித்த தோலை மட்டும் கத்தியால் சீவிவிடுகிறேன். பூண்டு தேய்ப்பேன், எண்ணெய் கிடையாது, அது சாற்றை உள்ளே விடாது. பீச்சைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டுப் பச்சைத் தண்ணீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும். நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் சேர்த்து அரை மணி நேரம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் சாறு நிற்கும். அந்தச் சாற்றை ஸ்பூனால் எடுத்து முதலில் ரொட்டி மேல் விட வேண்டும். அதற்கு மேல் தயிர், அதற்கு மேல் பழம். மூடி போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். திருநீற்றுப்பச்சையைத் தின்னப் போகும்போது கிள்ளிப் போட்டால் போதும், முன்னாலேயே போட்டால் கறுத்துவிடும்.

போன வாரம் ராம்கட் பழம் வந்தது. வாசனை படியேறி வந்த மாதிரி இருந்தது. ஆறு துண்டு முன்கூட்டியே செய்து வைத்தேன். மத்தியானம் மூன்றரைக்கு அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு பால்கனிக் கதவுப் பக்கம் உட்கார்ந்தாள். ஸ்பூன் வேண்டாம் என்றாள். விரலால் பிட்டாள், ரொட்டி சத்தமில்லாமல் பிட்டுக்கொண்டு வந்தது. மூன்று துண்டு தின்றுவிட்டு, “மிளகு இன்னும் கொஞ்சம் தூக்கலா போடலாம்” என்றாள். பல் டாக்டரிடம் வருகிற வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னேன். நாலாவது துண்டை எடுத்துக்கொண்டே, “இந்தப் பழம் முடியட்டுமேடி, அப்புறம் போனா என்ன?” என்றாள்.